கிறிஸ்டின் புரூக்-ரோஸ் எமக்கு அந்நியர் அல்லர்: பாடவிதானக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பட்டப்பின் படிப்புக்கான பாடவிதானக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

அடுத்த கல்வியாண்டிலிருந்து ஆங்கில இலக்கிய முதுமாணிப் பாடநெறியில் ‘சோதனை நாவல்’ என்ற தெரிவுப் பாடம் இடம்பெறாது என்றும், அதற்குரிய மணித்தியாலங்கள் ‘தொழில்சார் தொடர்பாடல்’ என்ற புதிய பாடத்துக்கு வழங்கப்படும் என்றும் தாங்கள் எடுத்த முடிவைப் பழைய மாணவர்களுக்கு அனுப்பப்பட்ட இரண்டு பக்க அறிவித்தலில் வாசித்தேன். அறிவித்தல் மூன்று காரணங்களைச் சொல்கிறது. பாடத்தைத் தெரிவு செய்வோர் குறைவு. அதில் வாசிக்கப்படும் நூல்கள், குறிப்பாக ஆங்கில நாவலாசிரியர் கிறிஸ்டின் புரூக்-ரோஸின் நாவல்கள், எமது மாணவர்களின் வாழ்வுக்கு அந்நியமானவை. அவற்றால் தொழிலுக்குப் பயன் இல்லை. முதலாவது காரணத்தை நான் மறுக்கவில்லை. எங்கள் தொகுதியில் ஏழு பேர்தான் இருந்தோம். மற்ற இரண்டும் பிழையானவை என்பதை என் தொழிலையே சான்றாக வைத்துச் சொல்வதற்காக இம்மடலை எழுதுகிறேன். தனிக் கடிதமாக அனுப்பாமல் திறந்த மடலாக எழுதக் காரணம், இந்த முடிவால் இழக்கப் போகிறவர்கள் இன்னும் தங்கள் மாணவர்களாகச் சேரவில்லை, அவர்களுக்காகத் தங்களிடம் பேச இப்போது வேறு எவரும் இல்லை என்பதுதான்.

நான் உரைபெயர்ப்பாளர். 22 ஆண்டுகளாகத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளுக்கும் இடையில் என் நாள்கள் கழிகின்றன. புதுக்கடை நீதிமன்றங்களில் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று தொடங்கியவள், பின்னர் மாநாட்டு மண்டபங்களின் பின்புறத்தில் உள்ள கண்ணாடி அறைகளுக்குள் காதுப்பொறியை மாட்டிக்கொண்டு, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பேச்சை இன்னொரு மொழியில் பேசும் வேலைக்கு வந்தேன். இந்தத் தொழிலின் முதல் விதி எளியது: சாட்சி ‘நான்’ என்று சொன்னால் உரைபெயர்ப்பாளரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று இடையில் ஒரு வேலி போட்டுக்கொள்ள அனுமதி இல்லை. எனவே நான் திருடியிருக்கிறேன், விவாகரத்துக் கேட்டிருக்கிறேன், காணி உறுதியைத் தொலைத்திருக்கிறேன், மாலை ஐந்து மணிக்கு என் பையை எடுத்துக்கொண்டு காலி வீதியில் பேருந்துக்காக நின்றிருக்கிறேன்.

ஆண்டைக் குறிப்பிட விரும்பாத ஒரு நாளில், கொழும்பில் நடந்த ஓர் ஆணைக்குழுவின் அமர்வில், கிளிநொச்சியிலிருந்து இரவுப் பேருந்தில் வந்திருந்த ஒரு தாய்க்கு நான் உரைபெயர்த்தேன். குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: “எனக்கு மூண்டு பிள்ளையள், ஐயா.” இந்த வசனத்தில் வினை இல்லை. வினை இல்லாததால் காலமும் இல்லை. ‘இருக்கிறார்கள்’ என்றும் அவர் சொல்லவில்லை, ‘இருந்தார்கள்’ என்றும் சொல்லவில்லை. சிங்களத்திலும் இதை இப்படியே வினையின்றிச் சொல்லிவிட முடியும். இரு மொழிகளும் இந்த இடத்தில் அக்காள் தங்கைகள். ஆனால் அன்று பதிவு ஆங்கிலத்தில் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது, ஆங்கிலம் என்னிடம் ஒரு வினையைக் கேட்டது. ‘ஹேவ்’ என்றால் மூவரும் உயிருடன் இருக்கிறார்கள். ‘ஹேட்’ என்றால் ஒருவராவது இல்லை. அந்தத் தாய் வந்திருந்ததே நடுப் பிள்ளையைத் தேடி. அவன் இருக்கிறானா இல்லையா என்பதை அறியத்தான் அந்த ஆணைக்குழு கூடியிருந்தது. நானோ ஒரு நொடிக்குள், எவரையும் கேட்காமல், அதைத் தீர்மானித்துவிட்டேன். ‘ஐ ஹேட் த்ரீ சில்ரன்’ என்றேன்.

சில மாதங்களுக்குப் பின் அந்தத் தாயின் கடைசி மகள் என்னைத் தேடி வந்தார். கையில் பதிவின் பிரதி இருந்தது. கோபம் இல்லாமல், பாடப்புத்தகத்தில் ஒரு பிழையைக் காட்டுவது போல விரலை வைத்துக் காட்டினார். “இதில ‘ஹேட்’ எண்டு கிடக்கு. அம்மா அப்பிடிச் சொல்லேல்லையே, மிஸ்.” நான் மன்னிப்புக் கேட்டேன். திருத்தத்துக்கு விண்ணப்பமும் எழுதிக் கொடுத்தேன். திருத்தப்பட்டதா என்று இன்றுவரை பதில் வரவில்லை.

தங்கள் பாடநெறியில் நான் சேர்ந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. சனிக்கிழமை பிற்பகல் வகுப்பு. எங்கள் ஆசிரியை ஒரு நாவலின் நிழற்பிரதியைத் தந்து, “இதில் ஒரு சொல் இல்லை. எது என்று அடுத்த கிழமை சொல்லுங்கள்” என்றார். 1968இல் வெளிவந்த, புரூக்-ரோஸின் ‘பிட்வீன்’ என்ற அந்த நாவலின் நாயகி ஓர் உடன்நிகழ் உரைபெயர்ப்பாளர். பிரெஞ்சுத் தாய்க்கும் ஜெர்மானியத் தந்தைக்கும் பிறந்தவர். மாநாட்டிலிருந்து மாநாட்டுக்கு விமானத்தில் பறக்கிறார். ஒவ்வொரு நகரிலும் ஒரே மாதிரியான ஹோட்டல் அறையில் கண் விழிக்கிறார். காலையுணவுத் தட்டைக் கொண்டுவரும் பணிப்பெண் எந்த மொழியில் வணக்கம் சொல்வாள் என்பதைக் கொண்டுதான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று அறிகிறார். தண்ணீர்ப் போத்தலின் ஒட்டுச்சீட்டும் விமான நிலைய அறிவித்தலும் கழிப்பறைக் கதவின் சொல்லும் மொழிபெயர்க்கப்படாமல் வசனங்களுக்கு நடுவே வந்து விழுகின்றன. முந்நூறு சொல் தாண்டுவதற்கு முன்பே எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அது பழக்கமான சுற்றல். கண்ணாடி அறைக்குள் ஆறு மணித்தியாலம் இருந்துவிட்டு வெளியே வரும்போது, மூன்று மொழிப் பெயர்ப்பலகைகள் நிறைந்த வீதியில் நான் எந்த மொழியில் நினைக்கிறேன் என்று தெரியாமல் நிற்கும் அதே சுற்றல்.

அடுத்த கிழமை எங்கள் எழுவரில் எவராலும் விடை சொல்ல முடியவில்லை. இல்லாத சொல், ஆங்கிலத்தின் ‘இருத்தல்’ வினை. ஈஸ், ஆம், ஆர், வாஸ், வேர், பீ, பீன் ஆகிய எந்த வடிவத்திலும் அது நாவல் முழுவதிலும் ஓரிடத்திலும் வரவில்லை. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினையை அகற்றிவிட்டு ஒரு முழு நாவலை எழுதியிருக்கிறார். நாள் முழுவதும் பிறருடைய ‘நான்’ ஆகப் பேசும் ஒரு பெண்ணுக்குத் தன்னைப் பற்றி ‘நான் இன்னார்’ என்று சொல்ல வினை இல்லை. ஆசிரியை இதை விளக்கியபோது பின் வரிசையில் இருந்த ஒரு மாணவர் கேட்டார்: “ஆனால் மிஸ், தமிழில் அந்த வினை இல்லையே?” வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிட்டது.

குழுவினரே, ‘அந்நியம்’ என்ற சொல்லை எழுதியபோது தாங்கள் இதைச் சிந்தித்தீர்களா? ‘அவர் ஆசிரியர்’, ‘இது என் ஊர்’ என்று நாம் சொல்லும்போது நடுவில் எந்த வினையும் இல்லை. பெயர்ப் பயனிலை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். எழுவாய் கொள்ளும் பயனிலைகளைத் தொல்காப்பியத்தின் வேற்றுமையியல் வகைப்படுத்தும்போது ‘பெயர்கொள வருதல்’ என்று இதைத் தனியே சொல்கிறது. ஆங்கில நாவலாசிரியர் ஒருவர் கடும் நோன்பாக ஏற்று எழுதியது எமது மொழியின் அன்றாட நடை. 1998இல் வந்த ‘நெக்ஸ்ட்’ என்ற நாவலில் அவர் ‘ஹேவ்’ என்ற உடைமை வினையை நீக்கினார். அது இலண்டன் வீதிகளில் வாழும் வீடற்றவர்களைப் பற்றியது. எதுவும் உடையவர் அல்லாதோரின் கதைக்கு உடைமை வினை எதற்கு என்பது அவர் எண்ணம். தமிழில் அந்த வினையும் இல்லை. ‘எனக்கு வீடு உண்டு’, ‘என்னிடம் காசு இல்லை’ என்று நான்காம் வேற்றுமையையும் ஏழாம் வேற்றுமையையும் கொண்டே நாம் உடைமையைச் சொல்கிறோம்; உடையவரை எழுவாயாக்கி உட்காரவைப்பதில்லை. அந்தத் தாயின் வசனத்தில் இல்லாதிருந்தவை இவ்விரு வினைகளும்தான். ஓர் உரைபெயர்ப்பாளர் தடுக்கி விழுந்த அதே இரண்டு கற்களை இந்த எழுத்தாளர் முப்பது ஆண்டு இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்துப் பார்த்திருக்கிறார். கொழும்பில் தமிழும் சிங்களமும் பேசி வளர்ந்து ஆங்கிலத்தில் படிக்கும் மாணவர், இந்த நாவல்களை இலண்டன் மாணவரைவிட நெருக்கமாக வாசிக்க வாய்ப்பு உள்ளவர் என்பதே என் உறுதியான கருத்து.

தொழிலுக்குப் பயன் என்ன என்று கேட்கிறீர்கள். அந்த வகுப்புக்குப் பிறகு நான் ‘பிட்வீன்’ நாவலை ஒரு பயிற்சி நூல் போல மறுபடி வாசித்தேன். ‘ஈஸ்’ இல்லாமல் ஓர் ஆங்கில வசனம் எப்படி நிற்கிறது என்று பக்கம் பக்கமாகப் பென்சிலால் குறித்தேன். இப்போது ஒரு சாட்சி “எனக்கு மூண்டு பிள்ளையள்” என்று சொன்னால் நான் ‘த்ரீ சில்ரன், சேர்’ என்கிறேன். இது பிழையற்ற ஆங்கிலம். இதில் வினை இல்லை, காலம் இல்லை, எவரும் சாகவில்லை. கேட்பவருக்குக் காலம் தெரிய வேண்டுமானால் அவரே சாட்சியிடம் கேட்கட்டும். அதைத் தீர்மானிக்கும் உரிமை எனக்கு இல்லை. இதை எனக்கு எந்த உரைபெயர்ப்புப் பயிற்சி வகுப்பும் கற்பிக்கவில்லை. நான் கலந்துகொண்ட பயிற்சிகள் கலைச்சொற்களையும் குரலின் அளவையும் குறிப்பெடுக்கும் முறையையும் கற்றுத் தந்தன, அவையும் தேவைதான். ஆனால் ஒரு மொழி தன் இலக்கணத்தால் பேசுபவரிடமிருந்து எதைக் கட்டாயமாகப் பறிக்கிறது என்பதை அந்த நாவல்தான் எனக்குக் காட்டியது. அதைப் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே வாசித்திருந்தால் அந்தப் பதிவில் ‘ஹேட்’ என்ற சொல் இருந்திருக்காது.

இந்த நாட்டில் இது சிறிய விடயம் அல்ல. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956இன் சட்டத்துக்குப் பிறகு, 1987இன் பதின்மூன்றாவது திருத்தம்தான் தமிழும் அரசகரும மொழி என்று எழுதியது. நீதிமன்றத்தில் வழங்கும் மொழியை அறியாத தரப்பினருக்கு உரைபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் அரசு தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்த உரிமை காகிதத்திலிருந்து வெளியே வரும் இடம் ஓர் உரைபெயர்ப்பாளரின் வாய். பேருந்தின் இருக்கைக்கு மேலே, கர்ப்பிணித் தாய்மாருக்கான அறிவித்தலில் ‘தாய்’ என்ற சொல் ‘நாய்’ என்று அச்சாகியிருந்ததை நான் கண்டிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு கர்ப்பிணிப் பெண் அமர்ந்திருந்தார். அது அச்சுப் பிழைதான். ஆனால் யாரும் திரும்பப் பார்க்காத மொழியில்தான் அப்படிப்பட்ட பிழை ஒட்டப்பட்டு அப்படியே இருக்கும். சொல்லைத் திரும்பப் பார்க்கும் பழக்கத்தைக் கற்பிக்கும் பாடத்தை நீக்கிவிட்டு ‘தொடர்பாடல்’ என்ற பாடத்தை வைப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

புரூக்-ரோஸ் யார் என்பதைத் தங்கள் அறிவித்தல் ‘பிரித்தானியப் பரிசோதனை எழுத்தாளர்’ என்ற மூன்று சொற்களோடு கடந்துவிடுகிறது. அவர் 1923 ஜனவரி 16ஆம் திகதி ஜெனீவாவில் ஆங்கிலேயத் தந்தைக்கும் அமெரிக்க-சுவிஸ் தாய்க்கும் பிறந்து, பெரும்பாலும் பிரசெல்ஸ் நகரில் வளர்ந்தவர். 1936இல்தான் இங்கிலாந்து சென்றார். வீட்டில் ஒரு மொழி, வீதியில் இன்னொரு மொழி என்று வளர்ந்த பிள்ளை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்த எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையின் பெண்கள் துணைப் பிரிவில் சேர்ந்து, பிரித்தானியரின் இரகசியக் குறியீடுகளை உடைக்கும் நிலையமான பிளெச்லி பார்க்கில், இடைமறிக்கப்பட்ட ஜெர்மானியச் செய்திகளை வாசித்து மதிப்பிடும் பணியில் இருந்தார். இருபது வயதில் போரை எதிரியின் சொற்களில் நாள்தோறும் வாசித்தவர். மற்றவரின் இடத்திலிருந்து பார்க்க அதுவே தமக்குக் கற்பித்தது என்பதை அவரே பின்னாளில் சொன்னார். எமது போருக்குப் பிந்தைய தலைமுறைக்கு இந்த வாழ்க்கை அந்நியமானதா என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒக்ஸ்போர்டின் சமர்வில் கல்லூரியில் படித்து, 1954இல் இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1958இல் ‘உருவகத்தின் இலக்கணம்’ என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆய்வு நூலை வெளியிட்டார். ஆங்கிலக் கவிஞர் பதினைந்து பேரின் உருவகங்களை, எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பார்க்காமல், எந்த இலக்கண உறுப்பால் ஒப்பீடு நிகழ்கிறது என்று வகைப்படுத்திய நூல் அது. பெயர்ச்சொல் உருவகங்களின் ஒரு முக்கிய வகையாக அவர் அங்கே ஆராய்வது ‘இது அது ஆகும்’ என்று இணைக்கும் அதே இருத்தல் வினையைத்தான். அறிஞராக ஒரு வினையைப் பிரித்து ஆராய்ந்தவர், பத்து ஆண்டுகளின் பின் நாவலாசிரியராக அதை முற்றாக நீக்கி எழுதிப் பார்த்தார். ‘முகமதி’ என்றும் ‘முகத்தாமரை’ என்றும் வினையின்றியே உருவகம் செய்யும் மொழிக்காரர்களான நாம் இந்த இடத்தில் அவரோடு உரையாட எவ்வளவோ இருக்கிறது. ஆய்வும் படைப்பும் தனித்தனி அறைகள் என்று எண்ணும் பாடத்திட்டங்களுக்கு இந்த ஒரு வாழ்க்கையே மறுப்பு.

1957க்கும் 1961க்கும் இடையில் அவர் எழுதிய முதல் நான்கு நாவல்கள் வழக்கமான வடிவில் அமைந்தவை. 1962இல் சிறுநீரகச் சத்திரசிகிச்சையும் அதைத் தொடர்ந்த நீண்ட நோயும் வந்தன. எழுந்தபோது பழையபடி எழுத அவரால் இயலவில்லை. 1964இல் வந்த ‘அவுட்’ நாவலில் நிற ஒதுக்கல் தலைகீழாகியிருக்கிறது. வெளிறிய தோலுடையவர்கள் நோயாளிகளாகவும் வேலையற்றவர்களாகவும் தொழில் அலுவலகத்தின் முன் நிற்கிறார்கள். ‘முன்னர் என்ன தொழில் செய்தீர்?’ என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் வகுப்பில் ஹற்றனிலிருந்து வந்த ஒரு மாணவி இருந்தார். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர் அவருடைய பாட்டனார். அந்தக் கேள்வி வரும் பக்கங்களை வகுப்பில் உரத்து வாசிக்கையில் அவருக்குக் குரல் நின்றுவிட்டது. பாட்டனார் எத்தனை அலுவலகங்களின் ஜன்னலுக்கு முன் நின்றார் என்பதை அன்று அவர் எங்களுக்குச் சொன்னார். ‘அந்நியமான நூல்’ செய்த வேலை இது.

1966இல் வந்த ‘சச்’ நாவலுக்கு ஜேம்ஸ் டெயிட் பிளாக் பரிசு கிடைத்தது. 1975இன் ‘த்ரூ’ எனக்கு இன்னும் வசப்படாத நூல். அச்சுப் பக்கத்தையே படமாக்கும் அதன் போக்கு என் பொறுமைக்கு அப்பாற்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் எழுதிய எல்லாம் எளிது என்றோ எல்லோரும் வாசித்தாக வேண்டும் என்றோ நான் வாதிடவில்லை.

1968இல், மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு பாரிஸில் தொடங்கப்பட்ட வின்சென் பல்கலைக்கழகத்துக்குப் பிரெஞ்சு எழுத்தாளர் எலேன் சிக்சு அவரை அழைத்தார். பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லாத தொழிலாளரும் சேரக்கூடியதாகத் திறந்துவிடப்பட்ட பல்கலைக்கழகம் அது. 1988வரை இருபது ஆண்டுகள் அங்கே கற்பித்தார். பகலில் வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமைகளில் வகுப்புக்கு வந்த எங்களைப் போன்றவர்களுக்கு முன்னால்தான் அவரும் நின்றிருக்கிறார் என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட நெருக்கத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. அங்கே பணியாற்றிய காலத்தில், 1984இல், ‘அமால்கமெம்னன்’ என்ற நாவலை வெளியிட்டார். பணியிலிருந்து நீக்கப்படப் போகும் ஒரு பேராசிரியை பேசுகிறார். எதிர்காலமும் நிபந்தனையும் ஏவலும் போன்ற, நடந்தேறாத வினைகளாலேயே முழு நாவலும் அமைந்திருக்கிறது. இனித் தேவையில்லை என்று சொல்லப்பட்டவருக்கு நிகழ்காலம் கிடையாது. எங்களுக்கு இந்தப் பாடத்தைப் பதினொரு ஆண்டுகள் கற்பித்த வருகைதரு விரிவுரையாளருக்கும் அடுத்த ஆண்டு வகுப்பு இல்லை என்பதை அறிவித்தல் ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. அவருடைய பெயர்கூட அதில் இல்லை.

1996இல் எழுதிய ‘ரீமேக்’ என்ற தன்வரலாற்று நாவலில் அவர் ‘நான்’, ‘அவள்’ போன்ற பிரதிப் பெயர்களை நீக்கினார். தம்மை ‘நான்’ என்று சொல்லாமல், சிறுமியாக இருந்த தமக்கு ஒரு பெயரும் எழுதும் முதியவருக்கு இன்னொரு சுட்டும் வைத்து எழுதினார். இதை ஆய்வேட்டுக்காகத் தமிழில் பெயர்க்க முயன்றபோது நேர்ந்த சிக்கல் எனக்கு மிகப் பெரிய பாடம். தமிழில் ‘நான்’ என்பதை விடுவது எளிது. தோன்றா எழுவாய் என்று அதற்குப் பெயரே உண்டு. ஆனால் ‘வந்தேன்’ என்றவுடன் விகுதி என்னைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பெயரை மறைத்தால் ஆள் மறைந்துவிடுகிறார், தமிழிலோ வினையின் வாலில் ஆள் உட்கார்ந்திருக்கிறார். நாற்பது பக்கங்களை மூன்று முறை மாற்றி எழுதினேன். தொழிற்பெயர்களையும் எச்சங்களையும் வைத்து ஒருவாறு தாண்டினேன். ஒரு பக்கத்தில் ‘வந்தேன்’ என்பதைத் தவிர்க்கவே முடியாமல் போக, அதை அப்படியே விட்டுவிட்டேன். அந்தப் பக்கம்தான் என் மேற்பார்வையாளருக்கு மிகவும் பிடித்தது. அந்த மொழிபெயர்ப்பு இன்னும் என் மேசையில் இருக்கிறது. தமிழில் அதை வாசிக்க விரும்புவோர் உண்டு என்பதை எனக்கு வந்த கடிதங்களால் அறிவேன்.

அவர் 2006இல் தம் முதுமையையும் உடல் தளர்வையும் பற்றிக் கடைசி நாவலை எழுதி, 2012 மார்ச் 21ஆம் திகதி தென் பிரான்சில், 89 வயதில் காலமானார். நெடுங்காலம் ஒரு கடினமான காரியத்தைத் தம்மால் இயன்றவரை நன்றாகச் செய்தும் எவரும் அதைக் கவனிக்கவில்லை என்ற வருத்தத்தைத் தம் இறுதிக் கட்டுரைத் தொகுப்பில் வெளிப்படையாகப் பதிந்திருக்கிறார். உரைபெயர்ப்பாளர் எவருக்கும் இந்த வருத்தம் புரியும். எங்கள் வேலையில் பிழை நேர்ந்தால் மட்டுமே எங்களைக் கவனிப்பார்கள்.

தங்களிடம் நான் கேட்பவற்றைத் தெளிவாகச் சொல்கிறேன். ‘தொழில்சார் தொடர்பாடல்’ பாடத்தை நான் எதிர்க்கவில்லை. அதைச் சேர்ப்பதற்காகச் ‘சோதனை நாவல்’ பாடத்தை நீக்கும் முடிவைத் தாங்கள் மீளப் பரிசீலித்துத் திரும்பப் பெற வேண்டும். ஆண்டுதோறும் நடத்துவதற்கு மாணவர் தொகை போதாது என்றால் ஈராண்டுக்கு ஒரு முறை நடத்துங்கள், இரு தொகுதியினர் ஒன்றாகப் படிக்கட்டும். துறையின் அலுமாரியில் உள்ள ‘அவுட்’, ‘பிட்வீன்’, ‘ரீமேக்’ முதலிய பிரதிகளைக் ‘கழிக்க வேண்டியவை’ என்று பட்டியலிட்டிருப்பதாக அறிகிறேன். அவற்றை எக்காரணம் கொண்டும் அகற்ற வேண்டாம். அவற்றைக் கொழும்பில் வேறெங்கும் எளிதில் தேடிப் பெற முடியாது என்பதை அலைந்து அறிந்தவள் சொல்கிறேன். இரவல் பகுதியில் எல்லோரும் எடுக்கக்கூடியதாக வையுங்கள்.

அந்நியம் என்ற குறை உண்மையிலேயே தங்களை உறுத்துகிறது என்றால், பாடத்தை நீக்காமல் விரிவாக்குங்கள். பேராதனையில் கற்பித்த சிரி குணசிங்க 1960இல் சிங்களத்தில் எழுதிய ‘ஹெவனெல்ல’ இருக்கிறது. உரைநடை, கவிதை என்ற பிரிவைத் தாண்ட முயன்று ‘மெய்யுள்’ என்ற வடிவத்தை முன்வைத்த புங்குடுதீவு மு. தளையசிங்கம் இருக்கிறார். பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த தமிழவன் 1985இல் எழுதிய ‘ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்’ இருக்கிறது. அவரும் அமைப்பியல் என்ற இலக்கியக் கோட்பாட்டைத் தமிழில் எழுதிய அறிஞர்தான், நாவலாசிரியரும்தான். இவர்களைப் புரூக்-ரோஸோடு பக்கத்தில் வைத்து வாசிக்கும் ஒரு பாடம் இந்த நகரத்தில்தான் சாத்தியம், ஏனெனில் மூன்று மொழியிலும் வாசிக்கக்கூடியவர்கள் ஒரே மேசையில் அமர்வது இங்கேதான் இயல்பாக நடக்கிறது.

முடிவை எடுப்பதற்கு முன் பாடத்தைப் படித்த ஒருவரிடமாவது கருத்துக் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை. இனியாவது கேளுங்கள், எங்கள் எழுவரில் ஐவர் கொழும்பிலேயே இருக்கிறோம், எந்த நாளிலும் குழுவின் முன் வரத் தயாராக இருக்கிறோம். அந்த ஐவரில் இருவர் இன்று மொழிபெயர்ப்புத் துறையிலும் ஒருவர் சட்டத்துறையிலும் வேலை செய்கிறார்கள் என்பதைத் தொழில் பயன் பற்றிய தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விரிவுரையாளருக்குக் கொடுப்பனவு வழங்க நிதி இல்லை என்பது சொல்லப்படாத காரணமாக இருந்தால், அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ‘பிட்வீன்’ நாவலுக்கான நான்கு சனிக்கிழமை வகுப்புகளை, ஊதியம் எதுவும் பெறாமல், உரைபெயர்ப்பாளர் என்ற முறையில் நான் நடத்தித் தருவேன். ஆனால் அது எங்கள் ஆசிரியையின் இடத்துக்கு மாற்றாக இருக்கக் கூடாது. அவருக்கு உரிய நியமனமும் உரிய கொடுப்பனவும் வழங்கப்பட வேண்டும்.

தங்கள் அறிவித்தல் ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. இம்மடலுக்கான பதிலைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், எழுத்து மூலம், அடுத்த தொகுதிக்கான விண்ணப்பங்கள் கோரப்படுவதற்கு முன்னர் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்று மொழிகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டு வாசிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் பழைய மாணவி,
உரைபெயர்ப்பாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.